இரண்டாம் பாட்டின் நடுவே ஒரு நிமிடம்

போன சனிக்கிழமை என் மகனோடு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போனேன். வீட்டில் வைத்துப் பாட்டுக் கேட்கிற விலையுயர்ந்த கருவிகளின் கண்காட்சி அங்கே நடந்தது. அவனுக்குப் பதினாறு வயது, அதில் பைத்தியம். ஒரு அறையில் என்னைப் பிடித்து நடு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கருவியை இயக்கியவர் என் பக்கம் குனிந்து, "கண்ணை மூடிக்குங்க மேடம். பாடுறவங்க மூச்சு இழுக்கிறதுகூடக் கேக்கும்" என்றார். கேட்டது. என் காதுக்கு அரை அடி தள்ளி ஒரு பெண் மூச்சை இழுத்தாள். நான் எழுந்து நின்று, "நிறுத்துங்க" என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போல. பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னம்மா பண்ற, எல்லாரும் பாக்குறாங்க" என்றான் மகன். ரயிலில் பல்லாவரம் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான். தலைசுற்றல் என்று சொல்லி வைத்தேன். உண்மையைச் சொல்வதென்றால் முப்பத்தைந்து வருடம் பின்னால் போக வேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. ஆனால் அவரை யாரென்று கேட்டால் அதைச் சொல்லமாட்டார். எங்கள் சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவர் என்றுதான் சொல்வார். குழுவில் பதினெட்டுப் பேர். அவர்களில் கீழ்க்குரல் பாடிய ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்மேல் அப்பாவுக்குத் தனி அபிமானம். அப்படிப்பட்ட கனத்த குரல் செங்கல்பட்டுவரை தேடினாலும் கிடைக்காது என்பார்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் முடிந்ததும் அப்பா, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த எங்கள் டூ-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோயில் பெஞ்சின்மேல் வைத்துக் குழுவின் பாட்டுகளைப் பதிவு செய்தார். கோயிலுக்குப் பின்னால் ரயில் பாதை. ஒரு மின்சார ரயிலுக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஒரு பாட்டு என்று கணக்குப் போட்டு, மூன்று மாலைகளில் நான்கு பாட்டுகளைப் பிடித்தார். இரண்டாவது பாட்டின் நடுவில் மற்ற எல்லாரும் குரலைத் தாழ்த்த, தபால்காரர் மட்டும் நான்கு வரி தனியாகப் பாடுவார். ஆனால் எங்கள் டூ-இன்-ஒன்னில் அந்த இடம் வரும்போது கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்காது. அவ்வளவு தாழ்ந்த குரலைத் திருப்பித் தரும் சக்தி அதன் சின்ன ஸ்பீக்கருக்கு இல்லை.

"அவர் சும்மா வாயசைச்சிருப்பார்ணா. உங்களுக்குத் தெரியாமப் போச்சு" என்பார் சித்தப்பா. மவுண்ட் ரோடு பக்கம் ஸ்டீரியோ விற்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தார். டை கட்டுவார். அந்த ஒரு காரணத்துக்காக எங்கள் குடும்பத்தில் அவர் சொன்னால் ஒலி சம்பந்தப்பட்ட எதுவும் சரியாகத்தான் இருக்கும்.

கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் யாராலும் வேறு எதையும் பதிய முடியாது. எங்கள் வீட்டில் முப்பது கேசட்டுகளுக்குக் குறையாது. எல்லாவற்றிலும் அப்பா பல்லை உடைத்து வைத்திருந்தார். இந்த ஒன்றில் மட்டும் உடைக்கவில்லை. கடைசியில் மிச்சமிருந்த இடத்தில் ஈஸ்டர் பாட்டுகளைப் பதியலாம் என்று எண்ணியிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்தேன். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனப் போட்டி வரவிருந்தது. என் குரலைப் பதிந்து கேட்டுப் பார்க்க ஆசை. டூ-இன்-ஒன்னுக்குள் ஒரு கேசட் இருந்தது. வெற்றுக் கேசட் என்று நினைத்துச் சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததும் வசனத்தின் முதல் வார்த்தை மறந்துபோனது. வாயைத் திறந்தபடி நின்றேன். வரும், வரும் என்று ஒரு நிமிடம்போல நின்றிருப்பேன். பிறகுதான் கேசட்டின்மேல் அப்பாவின் கையெழுத்து கண்ணில் பட்டது. முந்தின மாலை அப்பா கேட்டுக்கொண்டிருந்தபோது கரண்டு போய், கேசட் அப்படியே உள்ளே நின்றிருக்கிறது.

நிறுத்திவிட்டுப் பின்னால் ஓட்டிக் கேட்டேன். இரண்டாவது பாட்டு நன்றாக வந்தது. தபால்காரரின் இடம் நெருங்கியபோது 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு வெறும் இரைச்சல், பழைய குழாயில் காற்று வருவதுபோல. பின்பு மறுபடி 'டக்', பாட்டின் கடைசி வரி. ஒலியை முழுக்கத் திருகிப் பார்த்தேன். இரைச்சல்தான் பெரிதானது. கேசட்டை ஆரம்பத்துக்கு ஓட்டி அலமாரியில் வைத்தேன்.

இரண்டு நாளில் சித்தப்பா மூன்று அனுமதிச் சீட்டுகளோடு வந்தார். விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் ஒரு கண்காட்சி; வெளிநாட்டுக் கருவிகள்; அங்கே வருகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த இசையைக் கையோடு கொண்டுவந்து கேட்டுப் பார்க்கலாம். அதுதான் வழக்கமாம்.

"நம்ம கேசட்டைப் போடுவாங்களா?" என்று அப்பா கேட்டார்.

"நம்ம ஆளு ஒருத்தன் அங்க ஒரு ரூமைப் பாத்துக்குறான். நான் சொன்னாப் போடுவான். தபால்காரர் பாடினாரா, வாயசைச்சாரான்னு அன்னிக்குத் தெரிஞ்சிடும்ணா."

அதுவரை அந்தக் கேசட்டை யாரும் தொடக்கூடாது என்று அப்பா உத்தரவு போட்டார். ஓட்ட ஓட்ட நாடா தேயுமாம். எனக்கு அது விடுதலையாகவும் இருந்தது, தண்டனையாகவும் இருந்தது. வீட்டில் கண்டுபிடிக்கமாட்டார். ஆனால் அத்தனை பேர் முன்னால், அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் கண்டுபிடிப்பார். ஒன்பது நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சொல்லிவிடலாம் என்று அவள் பின்னாலேயே அடுக்களைக்குப் போவேன், திரும்பி வந்துவிடுவேன்.

மூன்றாவது சீட்டு அம்மாவுக்கு. அவள் வரவில்லை என்றாள். "ஸ்டேஷன்ல அந்தப் பாலம் ஏறி இறங்கணும். அங்கயும் எத்தனை படியோ. நீங்க இவளைக் கூட்டிட்டுப் போங்க, எனக்கு வேலை கிடக்கு." அப்பா வற்புறுத்தவில்லை. அம்மாவுக்கு எப்போதும் வேலை கிடக்கும்.

திரிசூலத்தில் இறங்கினோம். அப்பா ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார். கேசட்டை ஒரு கைக்குட்டையில் சுற்றி, சட்டைப்பையில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டே நடந்தார். ஹோட்டலின் மூன்றாவது மாடியில் அறைகளின் கட்டில்களையெல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கருவியை வைத்திருந்தார்கள். தாழ்வாரத்தில் ஆட்கள் ஆளுக்கொரு இசைத்தட்டைக் கையில் பிடித்து, டாக்டரைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி மெதுவாகப் பேசிக்கொண்டு காத்திருந்தார்கள்.

எங்கள் முறை வந்தது. கதவை மூடியதும் விமானச் சத்தம்கூட நின்றுபோனது. தரையில் தடித்த கம்பளம். எதிரே என்னைவிட உயரமான இரண்டு கறுப்பு ஸ்பீக்கர்கள். "இந்த ரெண்டு பொட்டி விலைக்குச் சேலையூர்ல ஒரு கிரவுண்டு நிலம் வாங்கிடலாம்ணா" என்று சித்தப்பா காதோடு சொன்னார். நடுவில் ஒரே ஒரு நாற்காலி. மற்றவர்களுக்குப் பின்னால் ஒரு வரிசை. அங்கே சஃபாரி சூட் போட்ட ஒருவரும், அவர் மனைவியும், இன்னும் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடு நாற்காலியில் உட்காருகிறவருக்குத்தான் எல்லாம் சரியாகக் கேட்குமாம். அப்பாவை அதில் உட்காரவைத்தார்கள். நான் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றேன். என் கை வேர்த்திருந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"கேசட்டா?" என்றார் சஃபாரி சூட், கொஞ்சம் சிரித்து.

"எங்க கோயில் குழு சார். நானே பதிஞ்சது" என்றார் அப்பா.

முதல் பாட்டு தொடங்கியது. அதை எப்படிச் சொல்வது? பதினெட்டுப் பேரும் சுவரைத் தள்ளிவிட்டு எங்கள் முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்று விரலால் காட்டலாம். தபால்காரரின் குரல் என் உள்ளங்காலில் ஏறியது. அப்பா திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா கும்பிட்டார். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அதனாலேயே நான் கதவுப் பக்கம் பார்த்தேன்.

இரண்டாவது பாட்டு. ஒவ்வொரு வரியாக எண்ணிக்கொண்டு வந்தேன். எல்லாரும் குரலைத் தாழ்த்தினார்கள். அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

'டக்.'

வந்தது இரைச்சல் அல்ல, எங்கள் வீடு. ஜன்னலுக்கு வெளியே ஒரு காகம். ஃபேனின் கிறீச். பிறகு, எங்கோ வலது பக்கச் சுவருக்குப் பின்னால், கீழே, ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் தளும்புகிற சத்தம். காலடி. ஒன்று, இரண்டு, மூன்று. குடத்தைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு மூச்சு. நீளமாக இல்லை, சின்னச் சின்னதாக, அவசர அவசரமாக, போதாமல் போதாமல். மறுபடி குடம். இரண்டு படி. மறுபடி வைத்தல். மறுபடி அந்த மூச்சு, இன்னும் பக்கத்தில்.

பின்வரிசையில் சஃபாரி சூட் நிமிர்ந்தார். "என்ன ஒரு டெப்த் பாருங்க. படியை எண்ணலாம் போல இருக்கு."

"அதான் சார் இந்த சிஸ்டம்" என்றார் கருவியை இயக்கியவர். "உள்ள இருக்கிறது எதையும் ஒளிக்காது."

"பாவம், யாரோ ரொம்ப வயசானவங்க" என்றாள் சஃபாரி சூட்டின் மனைவி.

அம்மாவுக்கு அப்போது முப்பத்திநாலு.

கீழ்வீட்டுக்காரம்மாவின் குரல் தொலைவிலிருந்து வந்தது: "இன்னிக்குமா நின்னுட்டீங்க?" அம்மாவின் குரல், ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சாக: "ஒண்ணுமில்லக்கா. நின்னு ஏறினா சரியாயிடும். அவர்கிட்ட... சொல்லிடாதீங்க."

'டக்.' தபால்காரரின் கடைசி வரி, கோயிலே அதிரும்படி. யாரோ கைதட்டினார்கள். அப்பா என்னை அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னொரு தடவை போட முடியுமா?" என்றார் அப்பா.

"தாராளமா சார். அந்த பேஸ், அந்தத் தாழ்ந்த குரல்தானே? பிரமாதம்."

"பாட்டு இல்ல. அதுக்கு முன்னாடி."

மறுபடி போட்டார்கள். அப்பா இம்முறை தலையைக் குனிந்திருந்தார். அவருடைய வலதுகை விரல் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது. பயிற்சியின்போது யாராவது தப்பாகப் பாடினால் அப்படித்தான் தட்டுவார். எத்தனையாவது தாளத்தில் தப்பு என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் பேசுவார். என் தப்பை அளக்கிறார் என்று நினைத்தேன். குடம் கீழே இருந்த நேரம் முழுக்க விரல் தட்டியது. படி ஏறியபோது நின்றது.

திரும்பும்போது ரயிலில் சித்தப்பாதான் பேசிக்கொண்டு வந்தார். ரூம் அமைதியாக இருந்தால் அந்த டூ-இன்-ஒன்னின் மைக் தானாகவே காதைத் தீட்டிக்கொள்ளுமாம். அதனால்தான் மாடிப்படிவரை பிடித்திருக்கிறது, வீட்டு ஸ்பீக்கருக்குத்தான் அதைச் சொல்லத் தெரியவில்லை என்று விளக்கினார். குரலைக் கேட்டும் அவருக்கு விஷயம் புரியவில்லையா, அல்லது புரிந்ததால்தான் அப்படிப் பேசினாரா, தெரியாது. பல்லாவரத்தில் இறங்கிக்கொண்டார்.

இனியும் தாங்காது என்று நான் சொல்லிவிட்டேன். "அப்பா, நான்தான் அழிச்சேன். தெரியாமதான்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இருக்கிறதா என்று தேடினேன்.

"என்னிக்கு?"

"செவ்வாய்க்கிழமை. ஸ்கூல் விட்டு வந்து."

"அப்ப அம்மா எத்தனை குடம் எடுத்தாங்க?"

"தெரியலப்பா."

"அன்னிக்கு மட்டும்தான் நின்னாங்களா?"

அவர் வேறு எதையோ கேட்பதே எனக்கு நிம்மதியாக இருந்தது. அதனால் தாராளமாகச் சொன்னேன். "இல்லப்பா, எப்பவுமே நிப்பாங்க. கட்டில்ல சாஞ்சு உக்காந்துட்டுதான் பேசவே ஆரம்பிப்பாங்க. நீங்க வர்றதுக்குள்ள சரியாயிடும்."

குரோம்பேட்டை வந்தது, போனது. அப்பா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். வலித்தது. தண்டனை தொடங்கிவிட்டது என்று பொறுத்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மா காப்பி போட்டு வைத்திருந்தாள். "தபால்காரர் பாடினாரா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"பாடினார். எல்லாம் கேட்டுச்சு."

அப்பா காப்பியைக் குடிக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். எல்லாப் பாத்திரமும் நிறைந்துதான் இருக்கிறது என்று அம்மா பின்னாலேயே சொன்னாள். "இனிமே தண்ணி நான் எடுக்கிறேன்" என்றார். "என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றாள் அம்மா. "சும்மாதான்." மேலே வந்ததும் அலமாரியிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கைக்குட்டையைப் பிரித்து, அந்தக் கேசட்டின் பற்களை ஒவ்வொன்றாக உடைத்தார். துண்டுகள் என் காலடியில் வந்து விழுந்தன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இனி என் கையை நம்பமாட்டார், பாழாய்ப்போன பிறகும் பூட்டிவைக்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை அப்பா லீவு போட்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சல் இதயத்துக்குள் ஒரு வழியைக் குறுக்கிவிட்டிருந்ததாம். இவ்வளவு நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "நின்னு நின்னு ஏறுவேன் டாக்டர்" என்றாளாம் அம்மா. அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. இரண்டு மாதம் என்னைப் பல்லாவரத்தில் சித்தப்பா வீட்டில் விட்டார்கள். அதையும் கேசட்டுக்கான தண்டனைக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் அம்மாவின் கட்டிலுக்கு அருகே போகாமல் வாசலிலேயே நிற்பேன். நான் எதைத் தொட்டாலும் ஏதோ அழிந்துவிடும் என்று பயம்.

அம்மா பிழைத்தாள். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் இருந்தாள். அப்பாவுக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. கீழ்வீட்டுக்காரம்மாதான் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று முடிவுகட்டி ஒரு வருடம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த அம்மாள் சத்தியம் செய்து அழுதாள். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியும். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது அந்தக் கேசட் என்னிடம் இருக்கிறது. ஓட்டுவதற்குக் கருவி இல்லை. என் மகன் அதைக் கண்டுபிடித்து, கணினியில் ஏற்றித் தருகிறேன் என்கிறான். "இதுல என்னம்மா இருக்கு?" என்றதற்கு, தாத்தாவின் பாடகர் குழு என்று சொல்லியிருக்கிறேன். அவன் விளையாடிவிட்டு வந்து மாடிப்படி ஏறும்போது நான் அடுக்களையில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காதைக் கொடுக்கிறேன். ஒரே ஓட்டமாகத்தான் ஏறுகிறான். அப்படியும் நாளைக்கு மறுபடி கேட்பேன். அன்றைக்கு அந்தச் சிவப்பு விளக்கின் முன்னால் நின்ற ஒரு நிமிடமும் அம்மா மூச்சுக்குத் திண்டாடியது என் காதிலும்தான் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அது ஒரு சத்தமாகவே படவில்லை.

இன்னொன்றும் அப்போது எனக்குப் புரியவில்லை. தபால்காரர் அதற்குப் பிறகு ஐந்து கிறிஸ்துமஸ் பாடினார். அந்த நான்கு வரியை எந்த மாலையிலும் மறுபடி பிடித்திருக்கலாம். அப்பா பிடிக்கவில்லை. சபையில் ஒவ்வொருவர் குரலாகத் தேடித் தேடிப் பதிந்து வைத்தவர் அவர். அந்த முப்பது கேசட்டில் அம்மாவின் குரல் இருந்தது அந்த ஒன்றில்தான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கும் முன்னால், அவளுக்கு என்ன ஆகும் என்று தெரியாத நாளில், அவர் பற்களை உடைத்தது எனக்குப் பயந்து என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.